கோர்வை விழும் இடம்

முதல் நாள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம், அதனால் திருமுக்கூடல். காஞ்சிபுரத்திலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. எதிர்க்கரையில் பழையசீவரம் மலை. மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு இந்தப் பக்கம்தான் எழுந்தருளுவார். அன்றைக்கு மணல் தெரியாதபடி ஜனம் நிற்கும். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போது மார்கழிப் பனியில் ஆறு தன்பாட்டுக்குக் கிடக்கிறது. ஓர் ஓரமாக மெல்லிசாகத் தண்ணீர், மீதியெல்லாம் மணல்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேர். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. இன்றைக்கு ஊர்ப் பள்ளிக்கூடம்வரை வந்திருக்கிறது. பகலில் கோயில் தெருவைக் கூட்டுவார்கள், கால்வாய் தூர் வாருவார்கள், கன்று நடுவார்கள். மாலையில் பாட்டு. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். முகாம்களில் பாட்டு எடுத்துக்கொடுத்தே பாதி ஆயுள் போயிருக்கிறது.

கடைசி இரவு மட்டும்தான் தீ மூட்டுவோம். அதுவரை ஒரு லாந்தர் விளக்கு போதும். தீயைத் தினம் மூட்டினால் பிள்ளைகள் தீயைப் பார்ப்பார்கள். ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

இன்று வட்டமாக உட்காரச் சொன்னேன். "எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க" என்றேன். ஒரே நேரத்தில் பத்துப் பாட்டு வந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு, "பாடலாமா?" என்று கேட்டதும் ஐம்பது தலையும் குனிந்துவிட்டது. ஐம்பது பேருக்கும் தெரிந்த பாட்டுதான். ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தன் காதுக்குள் தனியாகக் கேட்டவர்கள். பக்கத்துப் பிள்ளையின் குரல் அந்தப் பாட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூச்சம் என்பது மரியாதையின் ஒரு சாயல். தன் குரல் பிறர்மேல் பட்டுவிடுமோ என்ற பயம் அது. வாயை மூடிக்கொண்டு ம்காரம் மட்டும் போடச் சொன்னேன். ஒரே ஒரு ஸ்வரம். மூடிய வாயிலிருந்து வருவதால் யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. நாலைந்து நிமிஷம் போயிருக்கும். லாந்தரைச் சுற்றி தேனடை மாதிரி ஒரு சத்தம் கட்டிக்கொண்டது. இன்றைக்கு இது போதும் என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள்

கூட்டமாகப் பாடும்போது பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஞானக் குறைவு இல்லை, எடுக்கிற சுருதிதான்.

ஆண்குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை சுகம். பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரை. ஒன்றரையில் எடுத்தால் பெண்பிள்ளைகள் அடித்தொண்டையில் அமுங்கிப்போவார்கள். ஐந்தில் எடுத்தால் பையன்கள் கத்துவார்கள், இல்லாவிட்டால் சிரித்து மழுப்புவார்கள். நடுவில் மூன்று கட்டைக்கு வந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டப்படும். முப்பது வருஷமாக நான் அந்த மூன்றில்தான் எடுக்கிறேன். எல்லாரும் கொஞ்சம் கஷ்டப்படுவது நியாயம் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. எடுத்துக்கொடுப்பவருக்குத் தன் குரல் மீது ஆசை இருக்கும். தனக்குச் சுகமான இடத்தில் எடுத்து, மேல் ஸ்தாயியில் நின்று காட்டத் தோன்றும். அந்த நிமிஷமே வட்டம் கச்சேரியாகிவிடும். பிள்ளைகள் ரசிகர்களாகிவிடுவார்கள். கைதட்டு கிடைக்கும், பாட்டு போய்விடும். இளவயதில் எத்தனை இரவு இப்படி நடந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். அன்றெல்லாம் நன்றாகப் பாடினோம் என்ற நிறைவோடு படுத்தேன். பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டு படுத்தார்கள் என்று கேட்டதில்லை.

ஒரு பையன் வாயே திறக்கவில்லை. நல்ல உயரம், ஒல்லி. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயா, கொரல் ஒரு மாதிரி போயிடுச்சுங்க. எங்க ஏறும், எங்க எறங்கும்னே தெரியல" என்றான். மகரக்கட்டு. மற்றவர்களுக்கு இரண்டு வருஷம் முன்பே வந்து போனது இவனுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. சின்ன வயதில் கோயிலில் பாடினவனாம். பழைய குரல் போய்விட்டது, புதிய குரல் இன்னும் கைக்கு வரவில்லை. வீடு மாறும்போது சாமான் எல்லாம் வண்டியில் இருக்குமே, அந்த நேரம்.

"பாட்டு பாட வேணாம்டா தம்பி. உனக்குக் கீழ எது சிரமமில்லாம வருதோ, அந்த ஒரு சத்தத்தை மட்டும் புடிச்சுக்கிட்டு இரு. தம்புரா மாதிரி" என்றேன். தலையாட்டினான். நம்பினானா தெரியவில்லை.

மூன்றாம் நாள்

கூட்டுப்பாட்டை நான் கற்றுக்கொண்டது எந்தப் பாட்டு வாத்தியாரிடமும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில்.

காஞ்சிப் பட்டின் கரையும் உடலும் வேறுவேறு நிறம். இரண்டுக்கும் ஊடை வேறு. அரக்கு உடலுக்கு அரக்கு ஊடை, பச்சைக் கரைக்குப் பச்சை ஊடை. அதற்கு மூன்று நாடா வேண்டும். அப்பா தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பார். இரண்டு நாடா அவர் கையில். மூன்றாவது நாடா, வலப்பக்கத்துக் கரைக்கு உரியது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனிடம். 1966இல், ஒன்பது வயதில், அந்தப் பையன் நான்.

அப்பா உடலுக்கு உரிய நாடாவை விடுவார். கரை தொடங்கும் இடத்தில் அது வெளியே வரும். அங்கே நான் என் நாடாவைக் கொடுக்க வேண்டும். அரக்கு இழையும் பச்சை இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். அந்தக் கவ்வலுக்குப் பெயர் கோர்வை. நான் தளர விட்டால் அங்கே ஓட்டை விழும். இறுக்கி இழுத்தால் சுருக்கம் விழும். அளவோடு விட்டால், சேலை கிழிந்தாலும் கரை பிரியாது.

அப்பா வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார். எப்போதாவது "ம்" என்பார், அவ்வளவுதான். மிதி மாறும் சத்தம், அச்சுப்பலகை வந்து தட்டும் சத்தம், அவர் மூச்சு, இவற்றுக்கு நடுவில் என் இடம் எது என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வட்டத்தில் நான் கேட்பதும் அதைத்தான். நான் ஒரு வரி பாடுகிறேன். அந்த வரியின் கடைசி எழுத்து அடங்குவதற்கு ஒரு நூலிழை முன்னால் அவர்கள் மூச்செடுக்க வேண்டும். நான் முடித்த பிறகு அவர்கள் தொடங்கினால் நடுவில் ஓட்டை. நான் முடிக்காமலேயே அவர்கள் விழுந்தால் சுருக்கம். மிருதங்கக்காரர்களும் தனியாவர்த்தனத்தில் மூன்று முறை வாசித்து முடிக்கும் கணக்கைக் கோர்வை என்றே சொல்கிறார்கள். அங்கேயும் பல நடைகள் ஓடி வந்து ஒரு தட்டில் சேர வேண்டும்.

இதை அழகாக எழுதிவிட்டேன். அழகில்லாத பாதியையும் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கோர்வைக்கு உட்கார்ந்தவர்களில் பலர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். சிலர் அப்பாவின் தறியிலும் இல்லை. வாங்கின கடனுக்காகப் பிறர் தறியில். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் வெகுநாள் ஆயிற்று, அந்தப் பலகைகள் காலியாக. என் முகாம் வட்டத்திலேயே ஒரு பையன், எண்பதுகளின் கடைசியில், தாளம் போடச் சொன்னால் தட்டமாட்டான். வலது கை தானாக நாடா தள்ளும். பாதிப் பாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். அவனை எழுப்பாமல் பாட்டை மெதுவாக்கினோம். என்னால் செய்ய முடிந்தது அன்றைக்கு அவ்வளவுதான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

நான்காம் நாள்

விடியற்காலை ஐந்து மணிக்குப் பனிக்குள்ளிருந்து ஜால்ரா சத்தம். ஊர்ப் பஜனை. நாலு பெரியவர்கள், ஏழெட்டுப் பிள்ளைகள். முன்னால் போகிறவர் ஓர் அடி பாட, பின்னால் வருகிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பின்பாட்டில் பாதிச் சொல் தேய்ந்து போயிருக்கிறது. ராகம் மட்டும் முழுசாக இருக்கிறது. என் முகாம் பிள்ளைகளில் மூன்று பேர் போர்வையோடு திண்ணைக்கு வந்து கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பாவையையும் திருவெம்பாவையையும் பிள்ளைகள் கூடிப் பாட வேண்டும் என்று காஞ்சிப் பெரியவர் ஊர் ஊராகச் சொல்லிவந்தார். தாய்லாந்து அரண்மனை வழக்கத்தில் திருவெம்பாவையின் பெயர் திரிந்த திரியம்பாவாய் என்றொரு விழா இருப்பதை அவர் எடுத்துக்காட்டுவார். பாங்காக்கில் அதற்காக நட்ட பெரிய ஊஞ்சல் கம்பம் இன்றைக்கும் நிற்கிறது. கடல் கடந்து, மொழி மறந்து, பொருள் மறந்து, ஒரு பாட்டு பிழைத்திருக்கிறது. ஒருவர் எடுக்க மற்றவர் வாங்கும் பழக்கம் அறாததால் பிழைத்தது என்று நினைக்கிறேன். ஏட்டில் எழுதினது செல்லரிக்கும். பின்பாட்டு இருக்கிற பாட்டுக்கு ஒவ்வொரு வாயும் ஒரு படி.

பத்து மணிக்கு எல்லாரையும் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனோம். வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டு. நீளமானது. வேதம் படிக்கும் மாணவர்களுக்கு விடுதி; ஆதுலசாலை ஒன்று, வீரசோழன் என்ற பெயரில், பதினைந்து படுக்கையோடு; மருத்துவருக்கு, மருந்து கொண்டுவருபவருக்கு, பெண்பணியாளருக்கு இன்ன கூலி என்ற கணக்கு. மாணவர்களுக்குச் சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெயும் இரவு விளக்குக்கு எண்ணெயும் அதில் இருக்கின்றன.

ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "ஐயா, அப்ப இங்க நாங்க தங்கியிருக்க முடியுமா?" முடியாதம்மா என்றேன். அந்த விடுதியில் வேதம் படிக்கப் பிறந்தவர்களுக்குத்தான் பாய் விரித்தார்கள். நெய்கிறவன் மகனுக்கும் நடவு நடுகிறவள் மகளுக்கும் அந்த எண்ணெய்க் கணக்கில் இடமில்லை. அவள் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இப்ப இருக்கோம்ல" என்றாள்.

மாலைப் பாட்டில் அவள் குரல் மற்றதைவிடக் கொஞ்சம் முன்னால் கேட்டது.

ஐந்தாம் நாள்

இன்று பையன்கள் முள் வெட்டிக் கொண்டுவந்து குவித்தார்கள். ஏரி ஓரமெல்லாம் வேலிக்கருவை. நின்று எரியும், கங்கு நன்றாக விழும். சவுக்கு நாலு கட்டை காசு கொடுத்து வாங்கினேன். அது சீராக எரியும். தென்னம்பாளையும் பன்னாடையும் பற்றவைக்க. மணலில் குழி எடுக்கும் இடத்தைப் பஞ்சாயத்தில் சொல்லி அடையாளம் போட்டாயிற்று. தண்ணீர்க் குடம் நாலு.

முகாம் தீயும் பாட்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒரு பையன் சொன்னான். பாதி சரி. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களோடு நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கத்தின் தீவட்டம் தொடங்குகிறது. அந்தத் தீயைச் சுற்றி அவர் கற்றுக்கொடுத்தது தென்னாப்பிரிக்காவில் கேட்ட ஸூலு முழக்கம். ஒருவர் எடுக்க மற்றவர் வாங்குவது. அவருக்கும் அது ஒருவரிடமிருந்து வந்ததுதான். அன்றைக்கு இந்தியாவில் சாரணப் படை இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் 1916ஐ ஒட்டி சென்னையில் அவர்களுக்கென்று தனியாக ஒன்று ஆரம்பித்தார்.

நம் தீக்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கார்த்திகைக்குக் கோயில் வாசலில் சொக்கப்பனை. அன்றைக்குப் பையன்கள் சுழற்றும் மாவளி. மாசியில் காமன் எரிப்பு. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடியவிடிய லாவணி. அதில் சொல்லுக்குச் சொல், பாட்டுக்குப் பாட்டு. திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. அதற்கு முன்னால் இரவெல்லாம் பாரதக் கூத்து. போகிக்கு விடியலில் தெருவெல்லாம் சின்ன மேளம். விளக்கொளிப் பெருமாள் என்று தீபத்தின் பெயரிலேயே ஒரு சாமி எங்கள் ஊரில் இருக்கிறார். நெருப்பு இருந்த இடத்திலெல்லாம் நாம் கூடிப் பாடியிருக்கிறோம்.

நெருப்பில்லாமலும் பாடினோம். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை நூறு தொண்டர்கள் உப்பெடுக்க நடந்தார்கள். நாமக்கல் கவிஞர் அந்த நடைக்கென்றே பாட்டெழுதிக் கொடுத்தார். வழியில் சோறு போட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. பதினைந்து நாள் நடை. கால் தளரும்போது முன்னால் போகிறவன் ஓரடி எடுத்தால் பின்னால் வருகிறவன் கால் தானாக அடுத்த அடி வைக்கும். வேறு எதற்காக மனிதர்கள் கூடிப் பாடத் தொடங்கியிருப்பார்கள்? நாற்று நட, ஏற்றம் இறைக்க, சுண்ணாம்பு இடிக்க, தேர் இழுக்க. தனியாகத் தூக்க முடியாததைத் தூக்கத்தான்.

ஆறாம் நாள்

சில வருஷங்களுக்கு முன்னால் காஞ்சிக்குப் பக்கத்தில் புஞ்சை அரசன்தாங்கலுக்கு இதுமாதிரி ஒரு பிள்ளைக் கூட்டத்தைக் கூட்டிப் போயிருந்தேன். கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் படித்தார்கள். பெண்பிள்ளைகளும் கிரீடம் கட்டினார்கள். இந்தக் கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் பலகைமேல் உட்கார்ந்திருப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை. வேஷக்காரர் ஒரு வரி பாடிவிட்டு ஆடப் போவார். அந்த வரியை இவர்கள் எடுத்துக் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர் மூச்சு வாங்கித் திரும்பி வரும்வரை பாட்டு கீழே விழாது. பத்து மணிக்குத் தொடங்கின கூத்து விடியும்வரை நிற்பது இந்தப் பலகையின் பலத்தில்தான். அன்றைக்கு நான் வேஷக்காரரைப் பார்க்கவே இல்லை; பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தப் பாட்டை வட்டத்துக்குள் கொண்டுவருவது என்பது தினமும் யோசிக்க வேண்டிய விஷயம். சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஆள் நான். ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையாவது பாடக் கூசும் வரி இருந்தால் அந்தப் பாட்டு வேண்டாம். ஜாதிப் பெருமை பேசும் பாட்டு இப்போது செல்போனில் நிறைய ஓடுகிறது. தாளம் நன்றாக இருக்கும், கால் ஆடும். அப்படி ஒன்றை இன்று ஒரு பையன் எடுத்தான். எதிர்வரிசையில் நாலு பேர் தாளம் போடுவதை நிறுத்தினார்கள். நான் எதுவும் விளக்கவில்லை. "தம்பி, எதிர்ல பாரு" என்றேன். பார்த்தான். தானே நிறுத்தினான். அந்த மௌனத்தில் எல்லாருக்கும் வேர்த்தது.

அப்போது சமையல் பார்க்கும் அக்கா அண்டா கழுவிக்கொண்டே ஒரு நடவுப் பாட்டை முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. கல்வெட்டைத் தொட்ட அந்தப் பெண் எழுந்து போய், "அக்கா, வந்து பாடுங்களேன், நாங்க புடிச்சுக்கறோம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியிலேயே நின்றார். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தார். வயலில் பாடும் குரல். மேடை தெரியாது, மைக் தெரியாது, நாலு வரப்பு தாண்டிக் கேட்கும். ஓரடிக்கு ஓரடி ஐம்பது பேரும் வாங்கிக்கொண்டார்கள். குனிந்து நடும் இடுப்பின் கணக்கு அந்தத் தாளத்தில் இருந்தது. முதலில் பாடின பையன்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினான்.

நான் ஐந்து நாளில் செய்யாததை அந்த அக்கா பத்து நிமிஷத்தில் செய்தார். பொறாமையாக இல்லை. ஆறுதலாக இருந்தது.

ஏழாம் நாள்

தீக்கு ஒரு நடை உண்டு. பாளை பற்றியதும் ஆளுயரம் எழும்பும். அப்போது கைதட்டுப் பாட்டு, கும்மி, பாட்டுக்குப் பாட்டு. அந்த நேரத்தில் தாலாட்டு பாடினால் யார் காதிலும் விழாது. கட்டை பிடித்து நின்று எரியும்போது ஊர்ப் பாட்டு, உழைப்புப் பாட்டு, கதைப் பாட்டு. சுவாலை அடங்கிக் கங்கு சிவக்கும்போது குரல் தானாக இறங்கும். அப்போது தாலாட்டு, நாமாவளி, அவரவர் வீட்டுச் சாமிப் பாட்டு. பாட்டின் வரிசையை நான் எழுதி வைத்துக்கொள்வதில்லை. தீயைப் பார்த்தால் தெரியும்.

ஊரே வந்திருந்தது. சமையல் அக்கா இரண்டு பாட்டு எடுத்தார். கிழவர் ஒருவர் காமன் லாவணியில் பாதி நினைவிலிருந்து சொன்னார். மறந்த இடத்தில் தாளத்தை மட்டும் விட்டார், பிள்ளைகள் அதையே வாங்கிக்கொண்டார்கள். பனி இறங்க இறங்க வட்டம் நெருங்கியது. முகத்தில் சூடு, முதுகில் குளிர். பக்கத்தில் இருப்பவரின் தோளுக்கு அப்போதுதான் பொருள் தெரியும்.

கங்கு விழுந்தது. வழக்கம்போல் கடைசிப் பாட்டை மூன்று கட்டையில் எடுக்கத் தொண்டையைச் சரிசெய்தேன். குரல் வரவில்லை. ஏழு நாள் பனியும் புகையும் வேலையைக் காட்டிவிட்டன. வட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த அறுபத்தெட்டு வயதில் எனக்கு அப்படி ஓர் அமைதி புதிது. நிரப்ப வேண்டும் என்ற பழைய துடிப்பு வந்தது. எதைக் கொண்டு நிரப்புவது?

அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் இருந்தது. மகரக்கட்டுப் பையன். ஆறு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை ஸ்வரத்தை அவன் விடவே இல்லை. எல்லாரும் நிறுத்திய பிறகுதான் அது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கீழே, மிகக் கீழே. அவன் அதன்மேல் மெதுவாகப் பாட்டை வைத்தான். முதல் வரியில் ஓரிடத்தில் குரல் பிசிறியது. அவன் நிற்கவில்லை.

பெண்பிள்ளைகள் வாங்கினார்கள். அவன் நின்ற இடத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே, சிரமமே இல்லாமல், தண்ணீர் மொண்டுகொண்டதுபோல். பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. சுருதிப்பெட்டியை எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்தேன். ஆறு கட்டை. அவனுக்கு அது கீழ் ஸ்தாயி, அவர்களுக்கு அதுவே சொந்த ஸ்தாயி. முப்பது வருஷம் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டப்படுத்தி மூன்றில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆழத்தில் இறங்க என் குரலுக்கு வராது என்பதால் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதே தோன்றவில்லை. புதுக்குரல் வந்து இன்னும் பழகாத ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தது அவனுக்கே தெரியாது.

மற்றப் பையன்கள் முடிந்தவரை இறங்கினார்கள். முடியாதவர்கள் பெண்பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்கள். நான் பின்பாட்டில் உட்கார்ந்தேன். ஒன்பது வயதில் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்த மாதிரியே. என் வேலை வரியின் கடைசி எழுத்துக்குக் காத்திருப்பது மட்டும். அவன் வரி வந்தது. அது அடங்குவதற்கு ஒரு நூலிழை முன்னால் மூச்செடுத்தேன்.

மறுநாள் காலை

குழியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு கை சாம்பல் அள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டேன். சாரணர்களிடம் இருக்கும் வழக்கம் இது. போன முகாமின் சாம்பலை அடுத்த முகாமின் தீயில் தூவுவார்கள். அதிலிருந்து ஒரு பிடி அதற்கடுத்த தீக்கு. இந்த டப்பாவிலும் எந்தெந்த ஊர்த் தீயோ இருக்கிறது.

எனக்கு அது வேறொன்றையும் நினைவுபடுத்தும். எங்கள் பாட்டிக்குப் பாவு பிணைக்கிற வேலை. ஒரு பாவில் மூன்று சேலை அறுத்ததும் தறியில் பழைய பாவின் நுனி மட்டும் மிஞ்சி நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய நுனியோடு இழை இழையாக முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்கும். பாட்டி பக்கத்தில் கொட்டாங்கச்சியில் அடுப்புச் சாம்பல் வைத்துக்கொண்டு, விரல்நுனியில் தொட்டுத் தொட்டு முறுக்குவாள். முடிச்சுப் போட மாட்டாள். முடிச்சு அச்சில் சிக்கும் என்பாள். பழைய இழையையும் புது இழையையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு தடவல். கண் தெரியாமல் போன பிறகும் விரலாலேயே செய்தாள். அந்த வேலைக்குச் சேலையில் எந்த அடையாளமும் இருக்காது. பிணைத்த இடம் தறியிலேயே கழிந்துபோகும்.

பஸ் வந்துவிட்டது. பையன்கள் குழியை மணல் போட்டு மூடி மிதித்தார்கள். அந்த உயரமான பையன் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து நின்றான்.

"ஐயா, நேத்து நான் பாடினது எத்தனை கட்டை?"

"ஆறுப்பா. கீழ் ஆறு."

"மறந்துடுவேனே ஐயா."

"ஒரு தரம் சொல்லிப் பாரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்தான். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை, எட்டிப் பார்க்காமலேயே, மேல் ஸ்தாயியில் சேர்ந்துகொண்டாள்.